சொன்ன வாய் வர வேண்டும்

பழவேற்காடு,
நவம்பர் 16.

அன்பு மகன் ஹேமந்துக்கு,

அம்மா எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. கண்ணாடி மாற்றிய பிறகு எழுத்து நேராக விழுகிறது. நீயே பார்க்கலாம்.

நீ கேட்ட டாக்டர் பதிவுச் சான்றிதழ் இந்த உறையில் இல்லை. அது கிளினிக் சுவரில், அப்பா படத்துக்குக் கீழே, நீ மாட்டிய இடத்திலேயே இருக்கிறது. மஸ்கட் ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பியிருந்தாய். விளிப்பும் இல்லை, முற்றுப்புள்ளியும் இல்லை. போனில் சொல்ல வந்தால் 'அப்புறம் பேசறேம்மா' என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கையில் எடுத்த கடிதத்தை நீ முடிக்காமல் வைக்கமாட்டாய். அப்படித்தான் உன்னை வளர்த்தேன்.

வடிவேலு சாகவில்லை.

நீ விமானத்துக்குக் கிளம்பிய காலையில் கோட்டைக்குப்பத்திலிருந்து தூக்கிவந்தார்களே, வலைக் குவியல்மேல் படுத்துத் தூங்கி, வயிற்றுவலியோடு எழுந்தவன், அவன்தான். மூச்சு நின்றுபோயிருந்தது. நர்ஸ் ஜெஸ்ஸி அவன் முகத்தில் ரப்பர் மூச்சுப்பையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். நீ இமையைத் தூக்கி டார்ச் அடித்தாய். கண்மணி சுருங்கவில்லை. வெளியே வந்து, "மூளை போயிடுச்சு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்றாய். அவன் தம்பி சின்னதம்பி, "நெஞ்சு அடிச்சிக்கினுதான கீது சார்" என்றான். "அது கொஞ்ச நேரத்துல நின்னுடும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாய்.

பாம்புக்கடி பற்றிய அந்த ஆன்லைன் வகுப்பு உனக்கு நினைவிருக்காது. நீ அதில் உட்காரவே இல்லை. டாக்டர்கள் தொடர்ந்து படிக்க வேண்டும், பதிவைப் புதுப்பிக்கப் புள்ளி சேர்க்க வேண்டும் என்று லேப்டாப்பைக் கூடத்தில் திறந்து வைத்துவிட்டுக் கிரிக்கெட் பார்க்கப் போனாய். 'இருக்கிறீர்களா' என்று திரை கேட்கும்போது பொத்தானை அழுத்த என்னைக் கேட்டாய். முடியாது என்றேன். ஜெஸ்ஸி அழுத்தினாள். ஆனால் அந்தப் பேராசிரியர் காலி நாற்காலியைப் பார்த்து அவ்வளவு மரியாதையாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. பூத்தையலை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். கட்டுவிரியன் தூக்கத்தில் கடித்தால் வலி இருக்காது, தடமும் இருக்காது என்றார். வயிறு வலிக்கும், இமை விழும், மூச்சு நிற்கும். கண்மணி விரிந்து பிணம்போலக் கிடப்பான். மூச்சை மட்டும் நாம் கொடுத்துக்கொண்டே இருந்தால் மீண்டுவிடுவான். அதுவரை நாம் பேசுவதெல்லாம் அவன் காதில் விழும் என்றார். கடைசி வாக்கியத்தை மறுபடியும் ஒருமுறை சொன்னார்.

உன் கார் தெரு திரும்பியதும் நான் வீட்டு முன்பக்கத்துக் கிளினிக்குக்கு வந்து, பையை விடாதே என்று ஜெஸ்ஸியிடம் சொன்னேன். பிறகு சின்னதம்பியும் கூட வந்தவர்களும், வலை இழுக்கும்போது ஆள் மாற்றுவதுபோல், கை மாற்றிக் கை மாற்றி அழுத்தினார்கள். ஆம்புலன்ஸ் பொன்னேரி தாண்டிச் சென்னை சேரும்வரை யாரும் நிறுத்தவில்லை. விஷமுறிவு மருந்தும் மூச்சு இயந்திரமும் அங்கே கிடைத்தன. பிழைத்துக்கொண்டான்.

நல்ல செய்தி அவ்வளவுதான்.

உன் சொல் அன்றைக்கே குப்பத்துக்குப் போய்விட்டது. டாக்டரே சொன்ன பிறகு யார் காத்திருப்பார்கள்? படகுகளைக் கரையேற்றிவிட்டார்கள். கோயில் முன்னால் சங்கு ஊதிவிட்டார்கள். மனைவி பூவிழியின் தலையிலிருந்து பூவை எடுத்துவிட்டார்கள். ஏரியில் அவன் வலைபோடும் முறையை, பாடு என்பார்களே, அதை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவன் திரும்பி வந்து நின்றபோது பெரியவர்கள் சொன்னது இது: "சங்கு ஊதுனது ஊதுனதுதான். போய்ட்டான்னு சொன்ன வாயே வந்து, அம்மன் முன்னால, போகலைன்னு சொல்லணும். அதுவரிக்கும் படகுல கால் வெக்காத."

நானே போய் வாதாடினேன். "நீங்க சொன்னா செல்லாதும்மா. டாக்டரம்மான்னா டாக்டரா?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

பூவிழி அவனுக்குச் சோறு வைக்கிறாள், வாசலுக்கு வெளியே. முகத்தைப் பார்ப்பதில்லை. பூவும் வைத்துக்கொள்ளவில்லை. மூச்சுப்பையை அழுத்திய அதே சின்னதம்பி அவனைப் படகில் ஏற்றுவதில்லை. "எங்க அண்ணன்தாம்மா, இல்லேன்னா சொல்றேன்? ஆனா ராவுல அது மூச்சு உடற சத்தமே கேக்கல. இன்னா பண்றது?" என்கிறான்.

அதனால் வடிவேலு இங்கே வருகிறான். கதவு திறந்ததும் வந்து பெஞ்சின் கோடியில், உன் சான்றிதழுக்குக் கீழே உட்காருகிறான். நீ போன பிறகு ஜெஸ்ஸியிடம் கட்டுப் போட வருகிறவர்கள் மட்டும்தான் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களும் இப்போது எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

போன வாரம் நான் சமையலறையில் இருந்தேன். முன்பக்கத்தில் விசில் சத்தம். அப்பா நோயாளியைப் பார்த்துவிட்டுக் கை கழுவும்போது அடிப்பாரே, மூன்றாம் அடியில் இறங்கி, சற்று நின்று, பிறகு ஏறும் அவருடைய சொந்த மெட்டு. உனக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்தது. அப்பா வந்துவிட்டார் என்றே நினைத்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஓடினேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கால் ஓடுகிறது, பார். வடிவேலு இருந்தான். இமை பாதி மூடியிருக்க, சுவரைப் பார்த்து, ஒரு சுரம் தப்பாமல் அடித்துக்கொண்டிருந்தான். எங்கே கற்றாய் என்றேன். "அன்னிக்கு சார் கை கழுவ சொல்லோ விசில் அடிச்சாரும்மா. நான் அங்கதான படுத்துனு இருந்தேன்."

மற்றதையும் சொன்னான். கோபமே இல்லை அவன் குரலில். உனக்குப் போன் வந்ததாம். "ரெண்டு நிமிஷம் இரு, ஒரு பாடி பார்த்துட்டு வந்துடறேன்" என்றாயாம். ஜெஸ்ஸியைக் கேட்டேன். ஆமாம் என்றாள்.

நேற்று கிளம்பும்போது என் பக்கத்தில் வந்து, "அம்மா, நான் கீறேனா? சாரைக் கேட்டு சொல்றீங்களா?" என்றான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. நாடி நன்றாகவே அடித்தது. அடிக்கிறதப்பா, இருக்கிறாய் என்றேன்.

"அன்னிக்கும் அடிச்சுதும்மா" என்றான்.

குப்பம் நம்பினால் போகட்டும், ஹேமந்த். அவனும் நம்பத் தொடங்கிவிட்டான். முகத்துவாரத்தில் மார்பளவுத் தண்ணீரில் தனியாக நிற்கிறான் என்று ஜெஸ்ஸி சொல்கிறாள். கூப்பிட்டால் திரும்புவதில்லையாம்.

மஸ்கட் எங்கும் போய்விடாது. நீ வந்து அம்மன் கோயில் முன்னால் நின்று, நான் தவறாகச் சொன்னேன், இவன் உயிரோடு இருக்கிறான் என்று சொல். அந்த ஒரு வாக்கியம் போதும். நாம் சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்று சாக்குச் சொல்லாதே. உன் அப்பா நின்றிருப்பார். பிறகு கூடத்தில் என் எதிரே உட்கார், அந்த வகுப்பை முதலிலிருந்து சொல்கிறேன். அதற்கப்புறம் சான்றிதழை நானே கழற்றித் தருவேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. கிளினிக் பூட்டியிருக்கிறது, சாவி என் இடுப்பில். ஆனாலும் இதை எழுதத் தொடங்கியதிலிருந்து முன்பக்கத்தில் விசில் கேட்டுக்கொண்டிருந்தது. வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது மூன்றாம் அடியில் நின்றிருக்கிறது. மறுபடி ஏற வேண்டும், இன்னும் ஏறவில்லை. பேனாவைப் பிடித்தபடி காத்திருக்கிறேன்.

ஆண்டவர் உன் கண்ணையும் காதையும் திறந்தே வைத்திருக்கட்டும். அவன் வாசலில் இருக்கும்போதே வந்துவிடு, மகனே.

உன் அம்மா,
எப்சிபா