ஒட்டியிருந்த இரண்டு பக்கங்கள்

786

மருதமுனை,
12.03.1984

அன்புள்ள மச்சானுக்கு உங்கள் ஸம்ஸியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் மகள் சரீபாவும் சுகம். றியாத்தில் குளிர் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் கதைத்து அனுப்பிய கசெட்டும், கொடுத்துவிட்ட வெல்வெட் துணியும் வந்து சேர்ந்தன.

மகள் குர்ஆன் ஓதி முடித்த விருந்தை இன்னும் ஏன் வைக்கவில்லை என்று கசெட்டில் சத்தம் போட்டிருந்தீர்கள். முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபியுங்கள்.

ஓதிக்கொடுக்கும் நபீஸா ராத்தா வீட்டில் ஒரு பாய்க்கு நான்கு பிள்ளைகள். முந்தினவள் பிந்தினவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கடைசிப் பிள்ளையும் முடித்தால்தான் விருந்து. நம் மகளின் பாயில் கடைசிப் பிள்ளை யார் தெரியுமா? உங்கள் கூடப்பிறந்த மூத்தவர், முத்தலிப் காக்காவின் மகள் றபீக்கா. சவளக்கடை வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதில் சண்டை பிடித்து, நீங்கள் இருவரும் கதையாமல் விட்டு நான்கு வருஷம். அவர் பிள்ளைக்காக நம் பிள்ளை காத்திருப்பதா என்று எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. ராத்தாவிடம் நேரே போய்க் கேட்டேன். "உன்ட மகள் பாதிதான் படிச்சிருக்காள் புள்ள, மத்தவளுக்குச் சொல்லிக் குடுத்தாத்தான் மிச்சப் பாதி" என்று ராத்தா சொல்லிவிட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன்.

போன வியாழன் சரீபா கடகடவென்று ஓதிக்காட்ட, றபீக்கா தன் பழைய குர்ஆனில் விரல் வைத்துக் கேட்டிருக்கிறாள். திடீரென்று கையைப் பிடித்து, "நில்லு புள்ள, நடுவுல உட்டுட்டாய்" என்றாளாம். பார்த்தால், நீங்கள் முன்பு மகளுக்கு அனுப்பிய குர்ஆனில் இரண்டு தாள்கள் ஓரத்தில் ஒட்டியிருந்தன. உள்ளே இருந்த இரண்டு பக்கங்களையும் நம் மகள் ஒருநாளும் ஓதவில்லை.

பிழை என்னுடையது. ராத்தா காய்ச்சலாகக் கிடந்த கிழமை, மற்றப் பிள்ளைகளை முந்தட்டும் என்று அவளை வீட்டில் தனியே ஓதவிட்டவள் நான்தான். அவசரப்பட்டு விருந்து வைத்திருந்தால், முடிக்காத குர்ஆனை முடித்ததாகச் சொல்லி ஊருக்குச் சோறு போட்டிருப்போம். றபீக்காவைக் கட்டிப்பிடித்து அழுதேன் மச்சான். அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பிள்ளை பிந்தியிருந்ததும் நமக்கு அல்லாஹ்வின் ரஹ்மத்துதான்.

நன்றி சொல்ல அவர்கள் வீட்டுக்கும் போனேன். காக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. புறப்படும்போது மட்டும், "தம்பி சுகமா புள்ள?" என்று கேட்டார்.

நோன்புக்கு முன் நான்கு பிள்ளைகளும் முடித்துவிடுவார்கள், இன்ஷா அல்லாஹ். வெல்வெட் துணியில் மகளுக்கும் றபீக்காவுக்கும் சட்டை வெட்டக் கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் செய்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இத்துடன் வரும் கசெட்டில் பிள்ளைகள் இருவரும் அந்த இரண்டு பக்கங்களையும் ஓதியிருக்கிறார்கள். மெதுவாக வரும் குரல் றபீக்காவுடையது; கசெட்டை முன்னுக்கு ஓடவிடாமல் கேளுங்கள். கசெட்டின் மறுபக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். அதில் இந்தமுறை எனக்கென்று எதுவும் கதைக்க வேண்டாம். காக்காவுக்கு ஒரு ஸலாம் சொல்லி அனுப்புங்கள். ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமையல்லவா, அவர் சொல்லாமல் இருக்க மாட்டார்.

அல்லாஹ் உங்களைச் சுகத்தோடு எங்களிடம் சேர்க்கட்டும்.

துஆவுடன்,
ஸம்ஸியா