சுழி போட்ட விலா

உ
இணுவில்
12.02.2025

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம். மச்சாளும் பிள்ளைகளும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். நீங்கள் கல்கரி வீட்டுக் கராஜில் விமானம் கட்டுகிறீர்கள் என்று பள்ளிக்கூடத்தில் மற்ற ரீச்சர்மாரிடம் சொன்னேன். விளையாட்டு விமானமா என்று கேட்டார்கள். ஆள் ஏறிப் பறக்கிறது என்றேன்.

ஊரில் செய்த துண்டு ஒன்றாவது அதில் இருக்கவேண்டும் என்று நீங்கள் அனுப்பிய அலுமினியத் தகட்டில் செய்த, வாலுக்குள் வைக்கக் கேட்ட ஆறு விலாச் சட்டங்களும் இந்தப் பெட்டியில் இருக்கின்றன. வாசலுக்கு இரும்புக் கேற் அடிக்கிற கேதீஸ் அண்ணையிடம் கொடுக்கச் சொன்னீர்கள், கொண்டுபோய்க் கொடுத்தேன். அளந்து பார்த்து உடனே எழுதுங்கள். அதுவரை எனக்கு இருப்புக்கொள்ளாது.

அன்புத் தங்கை,
கலா


கல்கரி
09.03.2025

அன்புத் தங்கச்சி,

பெட்டி வந்தது. ஆறையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். ஒரு துளைகூட விலகவில்லை. கேதீசிடம் நான் கேட்டதாகக் கேள்: "டேய், கேற் அடிச்ச கையே இது?"

ஒரு விலாவின் ஓரத்தில் சின்னதாகப் பிள்ளையார் சுழி கீறியிருக்கிறான். பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. அதைத்தான் முதலில் பொருத்தி றிவெற் ஆணி அடித்தேன். வெளித்தகட்டைச் சித்திரை முடிய மூடுவேன். நீ தகட்டைத் தொட்டுக் கையை வெட்டிக்கொள்ளாமல் அவனிடம் கொடுத்தது நல்லதாகப் போயிற்று.

அண்ணை


உ
இணுவில்
10.03.2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்களைப் போல நானும் தபாலுக்குக் காத்திராமல் மின்னஞ்சலில் எழுதுகிறேன். சுழி போட்ட விலாவைக் கழற்றுங்கள். வாலை மூடமுதல் கழற்றுங்கள்.

கேதீஸ் அண்ணை அதைச் செய்யவில்லை. வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "ரீச்சர், கேற் விழுந்தால் நிமித்தி வைப்பன். உது விழுந்தால்?" என்று தகட்டைத் திருப்பித் தந்துவிட்டார். நான் காரை வெளியே விட்டு, எங்கள் கராஜில் வேப்பம் பலகையில் அச்சு வெட்டி, மரச்சுத்தியலால் தட்டி மடித்தேன். விரலில் பிசிறு தட்டாமல் போகும்வரை ஓரங்களை அராவினேன். சொன்னால் வேண்டாம் என்பீர்கள். யார் செய்தது என்று தெரியாமல் நீங்கள் மெச்சுவதைக் கேட்கவும் ஆசையாக இருந்தது.

சுழியும் நான் போட்டதுதான். கொப்பியோ கரும்பலகையோ, எதைத் தொடங்கினாலும் சுழி போடுகிற கை, முதல் விலாவிலும் ஆணி முனையால் போட்டிருக்கிறது. பேனையால் மட்டும் கோடு போடவும் என்று வரைபடத்தில் எழுதியிருந்தீர்கள். எல்லாக் கோட்டையும் பேனையால்தான் போட்டேன். சுழியை ஒரு கோடாக நான் நினைக்கவே இல்லை. உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் திடுக்கிட்டேன். அதிர அதிர, வெடிப்பு அந்தக் கீறலில்தான் தொடங்கும். அது பிள்ளையார் சுழி என்று தகட்டுக்குத் தெரியாது.

மற்ற ஐந்தையும் கழற்ற வேண்டாம். அவை நல்லவை. இதை என் பெயரில் சொல்கிறேன்.

கலா


கல்கரி
16.03.2025

கலா,

மறைத்ததற்குக் கோபம் வந்தது. சில நாட்கள் கராஜுக்கே போகவில்லை. பிறகு வெளிச்சம் பிடித்துப் பார்த்தேன். கீறல் ஆழம்தான். ஆனாலும் பிள்ளையாரைக் கழற்ற மனம் வரவில்லை. உன் மச்சாள்தான் சொன்னாள்: "கழட்டச் சொல்லுறது செய்தவள். பறக்கப்போறது நீங்கள். பிறகென்ன யோசனை?"

கழற்றிவிட்டேன். மற்ற ஐந்தும் இருந்த இடத்தில் இருக்கின்றன. இங்கே ஒரு விலாவைச் சுலபமாகச் செய்விக்கலாம். செய்விக்கவில்லை. அந்த இடம் காலியாக இருக்கிறது. தகடு அனுப்பியிருக்கிறேன்.

அண்ணை


உ
இணுவில்
20.04.2025

அன்புள்ள அண்ணைக்கு,

ஒரு விலா, தனிப் பெட்டியில் வருகிறது. இம்முறை கராஜ் கதவைத் திறந்துவைத்தே செய்தேன். தெருவால் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கேதீஸ் அண்ணையும் வந்து ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ரீச்சர், என்ரை கடைக்கு வேலைக்கு வாறியளே?" என்றார். சம்பளம் காணாது என்று சொல்லிவிட்டேன்.

தகட்டை எடுத்ததும் கை ஆணியைத் தேடியது. பேனையைக் கொடுத்துச் சமாளித்தேன். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்துவிட்டேன். ஒரு கீறலும் இல்லை. சுழி இந்தக் கடுதாசியின் தலையில் மட்டும்தான் இருக்கிறது. முதல் முதல் பறக்கிற அன்றைக்கு இதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஆறு விலாக்களையும் செய்த
உங்கள் தங்கச்சி
உதயகலா