இரங்கல் கூட்டத்தில் கத்திய குளிர்பெட்டி

காய்ச்சல் என்று கேட்டாலே கண் மின்னும் என் செல்வி அக்காவுக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. அழுது முடித்துவிட்டேன். இது கோபத்தில் எழுதுகிற கடிதம். நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கோபம் வந்தால் யார் நம்புகிறார்கள்? நேற்று திண்டிவனம் பேருந்து நிலையத்தில் ஒருவரிடம் கத்தினேன். அவர் கைதட்டினார்.

முதலில் வீட்டுச் செய்தி. ஒலக்கூர் மாமா உன் சாவுக்கு வந்தார். யாரோடும் பேசாமல் போனார். மகள் கல்யாணத்தில் நீ மானத்தை வாங்கியதாக இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ செய்தது என்ன? ஒலக்கூரில் டைபாய்டு வந்த பெண்ணுக்கும் திருவெண்ணெய்நல்லூரில் படுத்த பெரியவருக்கும் ரத்தத்தில் இருந்தது ஒரே கிருமி என்று, அதன் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்துச் சொன்னாய். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்த ஒரே இடம் மாமா வீட்டுப் பந்தி. "ஊர்ல எவ்ளோ கல்யாணம் நடக்குது, இவளுக்கு என் வூட்டு நீர்மோர்தான் கெடச்சுதா?" என்றார் அவர். அதை வைத்து நான் ஒரு கட்டுரை எழுதினேன். ஊரே சிரித்தது. நீ சிரித்தாயா? கேட்கவே இல்லை நான்.

இனி பெட்டிக்கு வருகிறேன்.

விழுப்புரத்தில் நீ வேலை பார்த்த மருத்துவக் கல்லூரி, உன் குளிர்பெட்டிக்கு ஓர் அறை தரவில்லை. கூட்டரங்கத்தை ஒட்டிய நடைவழியில் நிறுத்திவைத்தார்கள். இருபது வருடமாகக் காய்ச்சல்காரர்களின் ரத்தத்திலிருந்து நீ வளர்த்தெடுத்த கிருமிகள் அதற்குள் குப்பி குப்பியாக உறைந்து கிடந்தன. பாதிக்கு மேல் இன்னும் படிக்காதவை. "எந்த மருந்து எப்ப வேலைக்கு ஆவாம போச்சுன்னு இதுங்களத்தான்டா கேக்கணும்" என்பாய்.

அந்த அரங்கத்தில்தான் உனக்கு இரங்கல் கூட்டம். மைக் செட்காரர் பெரிய பிளக்குக்கு இடம் தேடி அலைந்தார். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன்னுடையதைச் செருகினார். எங்கே செருகுகிறார் என்றுகூடப் பார்க்காமல், "ஜல்தி ஆவட்டும்பா" என்று அவரை விரட்டியது யார்? கல்லூரி முதல்வர் இல்லை அக்கா. நான்.

எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றபோது பெட்டி கீச்சுக்கீச்சென்று கத்தியது. உள்ளே குளிர் குறைந்தால் அப்படிக் கத்தும் என்று தெரிந்தவள் உன் ஆராய்ச்சி மாணவி கலைவாணி ஒருத்திதான். அவளை மாலை வாங்கக் கடைக்கு அனுப்பியிருந்தார்கள். அட்டெண்டர் போய் எதையோ அமுக்கி அதை அடக்கினார். மௌனத்துக்கு மரியாதை! அடுத்துப் பேச வந்தவன் நான். "அக்கா அங்க போயும் சும்மா இல்ல, மிஸ்டு கால் குடுக்குது" என்றேன். நல்ல சிரிப்பு. முக்கால் மணி நேரம் பேசினேன், உன் குப்பிகளுக்குப் போகவேண்டிய கரண்டில்.

மைக் செட்காரர் தன் பிளக்கைக் கழற்றிக்கொண்டு போனார். உன்னுடையதை யாரும் திரும்பச் செருகவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. திங்கள் காலை பெட்டிக்கடியில் தண்ணீர் தேங்கி நின்றது. "இனிமே எதையும் நம்ப முடியாது சார். அவிச்சிக் கொட்ட வேண்டியதுதான்" என்று கலைவாணி போனில் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

முதல்வரைப் போய்ப் பார்த்தேன். "கிருமிதானே சார், செத்தா நல்லதுதானே?" என்றார். உன் பெயரில் கல்வெட்டு வைக்கப்போகிறார்களாம். கல்வெட்டுக்குச் சுவர் இருக்கிறது, பெட்டிக்கு ஓர் அறை இல்லை. அவர் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். எந்தக் கையால் பிடிப்பேன்? மைக்கைப் பிடித்த கையாலா?

அப்புறம் எனக்கே காய்ச்சல் வந்தது. என் வழக்கம் உனக்குத் தெரியும்: மெடிக்கலில் கேட்டு ரெண்டு நாளைக்கு மாத்திரை, மூன்றாம் நாள் பிரியாணி. "மாத்திரய முழுங்கிக்கினு வந்து ரத்தம் குடுத்தா அதுல என்னாடா தெரியும்?" என்று ஒவ்வொரு முறையும் திட்டுவாய். இந்த முறை மெடிக்கலைத் தாண்டி உன் கல்லூரிக்கே போனேன். முதலில் ரத்தம், பிறகுதான் மாத்திரை. எழுதிக்கொடுத்த அத்தனை நாளும் விழுங்கினேன். மூன்றாம் நாள் கஞ்சிதான்.

கலைவாணி வளர்த்துப் பார்த்தாள். டைபாய்டேதான். எங்கே சாப்பிட்டேன் என்று கேட்காதே. சமாதானம் பேச மாமா வீட்டுக்குப் போயிருந்தேன், நீர்மோர் கொடுத்தார். கல்யாணத்தில் வந்த அதே கிருமிதானா என்று அவள் படித்துச் சொல்லட்டும். மாமாவுக்கு இன்னும் தெரியாது.

இருபது வருடம் திரும்பி வராது. ஆனால் இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் காய்ச்சல் வார்டு வாசலில் கலைவாணியோடு உட்காருவேன். மாத்திரைக்கு முன்னால் ரத்தம் கொடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்பேன். முக்கால் மணி நேரம் பேசுகிற வாய் இதற்காவது உதவட்டும். பெட்டியின் பிளக்குக்குக் கூண்டு அடித்துப் பூட்டுப் போட்டாயிற்று. ஒரு சாவி கலைவாணியிடம், இன்னொன்று என் அரைஞாண் கயிற்றில்.

இப்படிக்கு,
காலிப் பெட்டியில் முதல் குப்பியாகக் கிடக்கும்
உன் தம்பி குணா