நாற்பத்தொன்றில் அணைந்த போன்

அக்டோபர் 21, செவ்வாய்

இந்த நோட்டை சிகெட் டவுன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா கொடுத்தது லவீனியாவின் சர்க்கரை எண்களை எழுத. நான்கு பக்கம் எழுதினேன். இப்போது எண்கள் போனிலேயே வந்துவிடுகின்றன. மீதிப் பக்கங்களை வீணாக்குவானேன்? என்னைப் போல வாழ்ந்தவன் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்? ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். வாத்தியாருக்கே பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டேன் என்றுதான் அனுப்பினார்கள்.

லவீனியா என் தங்கை வெத்தூரியாவின் மகள். பதிமூன்று வயது. அவள் அம்மா இத்தாலியில், பிரேஷாவில், படுத்த படுக்கையான ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிறாள். பிள்ளை என் பொறுப்பு. கையில் ஒரு பொத்தான் ஒட்டியிருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது சர்க்கரையை அளந்து அவள் போனுக்கு அனுப்பும், அங்கிருந்து என் போனுக்கு. எழுபதுக்குக் கீழே இறங்கினால் என் போன் அலறும். ஊருக்கு நான் பழச்சாராயம் காய்ச்சுகிற கொப்பரைப் பக்கம் இருந்தாலும் நாலே எட்டில் வீடு. (உண்மையில் இருபது நிமிட நடை. நான் நடந்தால் பதினைந்து.)

இன்று காலை 114. அம்புக்குறி நேராக, ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை.

அக்டோபர் 24

போனைப் பற்றி எழுதவேண்டும். இந்த ஊரில் இவ்வளவு மெல்லிசான போன் யாரிடமும் இல்லை. பொன் நிறம். சட்டைப் பையில் வைத்தால் தெரியவே தெரியாது, அதனால் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைப்பேன்.

பொம்பீலியு கடையில் இரண்டு காட்டினான். ஒன்று செங்கல் மாதிரி தடிமன். "இதுல பேட்டரி மூணு நாள் நிக்கும், இடமும் நெறைய." இன்னொன்று இது. "இதுல இடம் கொஞ்சம் கம்மிதான் கவ்ரில் அண்ணே. ஆனா உங்க கைக்கு இதுதான் எடுப்பா இருக்கு." எடுப்பாகத்தான் இருந்தது.

வெத்தூரியா பணம் அனுப்பியது தடிமனுக்கு. அவளுடைய பழைய போனில் இந்த சர்க்கரை ஆப் ஏறவே மாட்டேன் என்கிறது. "நீயே அவளுக்குக் கண்ணா இரு, நல்லதா வாங்கு" என்றாள். வாங்கியாச்சு, ஒரு நூலகமே இதற்குள் அடங்கும் என்று சொன்னேன். பொய் இல்லை. சின்ன நூலகம்.

அக்டோபர் 27, திங்கள்

நேற்று புனித திமித்ரி நாள். நம் ஆட்களுக்குப் பேர்நாள், அதாவது அவனவன் பேருக்குரிய புனிதரின் நாள், வந்தால் போதும். அந்தப் பேர் உள்ளவனுக்கு மட்டும் வாழ்த்து அனுப்பி நிறுத்துவார்களா? ஊருக்கே அனுப்புவார்கள். புனிதர் படம், மெழுகுவத்தி ஆடும் படம், மணி அடிக்கும் வீடியோ. எனக்கு மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு வந்தன. (நூற்று நாற்பது. ஆனாலும் ஊரில் அதிகம் எனக்குத்தான்.)

காலையில் போன் சொல்கிறது: இடம் தீர்ந்துவிட்டது. ஆப்பைப் புதுப்பிக்க முடியவில்லை.

எண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு. வெறும் கோடு. அவள் பக்கத்து அறையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறாள், சத்தம் கேட்கிறது. இருந்தும் எழுந்து போய்ப் பார்த்தேன்.

"மாமா, அந்தப் படத்தையெல்லாம் அழிங்க. ஒரு நிமிஷ வேலை."

"புனிதர் படத்தையா? குப்பைத் தொட்டியிலயா?"

"போன்ல இருக்கற தொட்டி மாமா அது!"

"எந்தத் தொட்டியா இருந்தா என்ன? காகிதப் படம் கிழிஞ்சா என்ன செய்யறோம்? கோயில்ல குடுத்து எரிக்கறோம். இல்ல புதைக்கறோம்."

"அப்ப போனைப் புதைச்சிடலாமா?"

வாயாடி. அவள் அம்மாவே தான்.

படங்களைத் தொடவில்லை. வரைபட ஆப்பை நீக்கினேன், வானிலையை நீக்கினேன், நான் பன்றி அறுக்கிற வீடியோவையும் நீக்கினேன் — அது ஒரு கலைப்படைப்பு. கோடு போய் எண் வந்தது. 131.

நவம்பர் 3

குளிர் இறங்கிவிட்டது. கொப்பரைக்குப் போகும் வழியில் போனைப் பார்த்தேன், பேட்டரி 38. பாலத்தைத் தாண்டி மறுபடி எடுத்தால் கருப்பு. செத்துப்போயிருக்கிறது! 38 இருந்ததே, அந்த 38 எங்கே போயிற்று?

பொம்பீலியுவைக் கேட்டேன். "குளிர்ல அப்படித்தாண்ணே. மெல்லிசா செய்யணும்னா பேட்டரியையும் மெல்லிசாத்தானே செய்யணும்." வேறு பேட்டரி போடு என்றேன். சிரிக்கிறான். "அதை ஒட்டி வச்சிருக்காங்க. பிச்சா போன் போச்சு."

என் அப்பாவின் டிராக்டரை ஒரு ஸ்பானரால் கழற்றி மாட்டியவன் நான். நாலாயிரம் தடவை. இதில் ஒரு திருகாணி கூடக் கண்ணில் படவில்லை.

இப்போது போனை பனியனுக்குள், நெஞ்சுத் தோலை ஒட்டி வைத்துக்கொள்கிறேன். முட்டை அடைகாக்கிற கோழி மாதிரி.

நவம்பர் 5

பள்ளி விட்டு வர அவளுக்கு நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் எட்டு எண்கள் வரவேண்டும். ஆறுதான் வந்தன. இரண்டு எங்கே?

அடிக்கடி பார்க்கிறேன். பார்க்கப் பார்க்க பேட்டரி இறங்குகிறது. பார்க்காவிட்டால் நான் இறங்கிவிடுவேன் போலிருக்கிறது.

நவம்பர் 8

என் பேர்நாள். எழுத முடியவில்லை. உயிரோடு இருக்கிறாள்.

நவம்பர் 9, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். அலங்கரிக்காமல்.

நேற்று மிக்கேல், கவ்ரில் தேவதூதர்கள் நாள். இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை மிக்கேல், எத்தனை கவ்ரில்! கொப்பரைப் பக்கம் காலையிலிருந்து ஆட்கள். ஊர்க்காரன் ஸ்பிரிதோன் காய்ச்சக் கொண்டுவந்த பிளம் ஊறல் கொதித்துக்கொண்டிருந்தது, விட்டு நகர முடியாது. வந்தவனெல்லாம் முதல் வடிப்பை ஒரு வாய் குடித்து வாழ்த்தினான். போன் நெஞ்சில் துள்ளிக்கொண்டே இருந்தது. தேவதூதர், ஊதுகொம்பு, இறக்கை. எடுத்து எல்லாருக்கும் காட்டினேன். "பாருங்கடா, எவனுக்கு இவ்வளவு வருது?" பேட்டரி 41 என்று பார்த்த ஞாபகம். அதன்பிறகு அது துள்ளவில்லை. வாழ்த்து தீர்ந்தது என்று நினைத்தேன். வாழ்த்து தீர்ந்துவிட்டதே என்று வருத்தம் வேறு பட்டேன், கடவுளே.

ஒரு மணிக்கு கேக்கோடு வருகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். பேர்நாள்காரன் வந்து உட்காராமல் எங்கள் வீட்டில் யாரும் கத்தியைத் தொடமாட்டார்கள். அவள் கேக்கைக் கணக்குப்போட்டு பன்னிரண்டரைக்கே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டாள். நான் வரவில்லை. ஒன்றரை. நான் வரவில்லை.

அவள் போன் கத்தியிருக்கிறது. மாமா இதோ வந்துவிடுவார் என்று அந்தச் சத்தத்தை அணைத்திருக்கிறாள். என்னை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள். மூன்று. நான் பனியனுக்குள் ஒரு கருப்புக் கண்ணாடியை அடைகாத்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு மணிக்கு பக்கத்து வீட்டு சவேதா அக்கா என்னை வாழ்த்த வந்து கதவைத் தட்டியிருக்கிறாள். திறக்கவில்லை என்று உள்ளே போயிருக்கிறாள். மேசைக்கும் அடுப்புக்கும் நடுவில் தரையில் லவீனியா. வியர்வை. கூப்பிட்டால் முனகல்தான். வாயைத் திறந்து ஈறில் தேனைத் தடவித் தடவி உட்கார்ந்திருக்கிறாள் அக்கா, பிள்ளை விழுங்குகிறவரைக்கும். பிறகு பழச்சாறு.

நான் இரண்டரைக்கு வந்தேன். கையில் கேக். மேலே என் பேர்.

"எங்கேடா போன நீ?" சவேதா அக்கா கத்தினாள். "நாடு பூரா போன் வச்சிருக்கான், உன் போனு எங்கேடா?"

எடுத்துக் காட்டினேன். சார்ஜரில் போட்டதும் எழுந்தது, நாற்பத்தொன்று என்றது. வெட்கமே இல்லாமல் நாற்பத்தொன்று என்றது. பின்னாலேயே: இடமில்லை, ஆப் நிறுத்தப்பட்டுள்ளது. அதற்குப் பின்னால் இன்னும் முப்பது தேவதூதர்கள்.

சாயங்காலம் வெத்தூரியா பேசினாள்.

"பேர்நாள் எப்படிண்ணா போச்சு?"

"ராஜா மாதிரி."

"அவ எண் எப்படி?"

"கல்லு மாதிரி நிக்குது."

போனை லவீனியாவிடம் நீட்டினேன். என்னையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஆமாம்மா. கேக் நல்லா இருந்துச்சு."

யாரும் அந்தக் கேக்கைத் தொடவில்லை.

நவம்பர் 12

தூக்கம் இல்லை. கொப்பரையின் அடியில் விறகு வெடித்தால் தூக்கிவாரிப்போடுகிறது.

நவம்பர் 16

கோயிலில் பூசை முடிந்து பாதிரியார் தியோஃபில் சாமியைப் பிடித்தேன். நடந்ததைச் சொல்லவில்லை. சும்மா ஒரு சந்தேகம் என்றேன், போனில் வந்த புனிதர் படத்தை அழித்தால் பாவமா?

"கவ்ரில், அது படமே இல்லய்யா. வெளிச்சம். அழி."

"எல்லாத்தையுமா சாமி?"

"எனக்கும்தான் தினம் இருநூறு வருது. நான் பார்க்காமலே அழிக்கறேன்." பிறகு உற்றுப் பார்த்தார். "இதுக்காகவா இவ்வளவு நேரம் காத்துட்டிருந்த?"

ஆமாம் என்றேன்.

மத்தியானம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன். ஒவ்வொன்றுக்கும் சிலுவைக்குறி. ஆயிரத்து நூறு. இதில் பொய் இல்லை, போனே எண்ணிச் சொன்னது. தோள் கழன்றுவிட்டது. பாதி இடமாவது காலியாகும் என்று பார்த்தால் துளிதான் காலி. லவீனியா எட்டிப் பார்த்தாள்.

"பாதிக்கு மேல போனே எடுத்துக்கிச்சு மாமா. அதை அழிக்க முடியாது."

"தனக்கேவா?"

"தனக்கேதான்."

வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நடு அறையில் வீட்டுக்காரனே படுத்துக்கொள்வது போல. இப்படி ஒன்றைச் செய்து இதற்கு மெல்லிசு என்று பேர் வைத்தவன் ஒரு பிள்ளையையாவது வளர்த்திருப்பானா? ஏன் அவனைச் சொல்லவேண்டும். தடிமனும் அதே மேசையில்தான் இருந்தது. கை நீட்டியது நான்.

நவம்பர் 24

பதினொன்று ஐந்துக்கு 88. அம்பு கீழ்நோக்கி. அதன்பின் ஒன்றும் இல்லை. பதினொன்று பத்து — இல்லை. பதினைந்து — இல்லை. வகுப்பில் அவள் போனை எடுத்துப் பேசக்கூடாது, பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன், எடுக்க ஆள் இல்லை.

கொப்பரையை விட்டு ஓடினேன். ஊறல் கொதிக்கிறது, கிண்டுகிறவன் இல்லை, ஓடினேன். மூன்று கிலோமீட்டர். இருபது வயதில் ஓட்டப் பந்தயத்தில் மாவட்டத்தையே — விடு. மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன், ஒரு இடத்தில் வாந்தி. ஓடும்போது மனசில் ஒன்றே ஒன்றுதான்: மேசைக்கும் அடுப்புக்கும் நடுவில். மேசைக்கும் அடுப்புக்கும் நடுவில்.

வகுப்புக் கதவைத் தள்ளினேன். கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். 104.

"மாமா," என்றாள், எல்லாரும் பார்க்க, "மூஞ்சியெல்லாம் கரி."

ஆப் நின்றுபோயிருந்தது. அவ்வளவுதான். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறதாம் போன், அதற்காக என்னைக் கேட்காமலே ஆப்பைத் தூங்க வைத்துவிட்டது.

திரும்பி வந்தால் ஊறல் அடிபிடித்து, கொப்பரையே நாறுகிறது. ஸ்பிரிதோன் இடுப்பில் கை வைத்து நின்றான். "என்ன கவ்ரில், உன் தங்கப் போன் இறக்கை மொளச்சுப் பறந்துடுச்சா, பிடிக்க ஓடினியா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். வாய் கோணிக்கொண்டு வேறு எங்கோ போனது. ஸ்பிரிதோன் சிரிப்பதை நிறுத்தி, உட்கார ஒரு கட்டையை நகர்த்திப் போட்டான். அது சிரிப்பைவிட மோசம்.

நவம்பர் 25

இன்று வெத்தூரியாவிடம் சொல்லவேண்டும் என்று இருந்தேன். சொல்லவில்லை.

நவம்பர் 27

இல்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

சொல்லிவிட்டேன். லவீனியா பள்ளிக்குப் போன பிறகு நானே வெத்தூரியாவைக் கூப்பிட்டேன்.

கேக், ஊசி, தரை, சவேதா அக்கா, தேன். எல்லாம். அங்கே அந்தக் கிழவி இருமுவது கேட்டது.

"எந்த போன் வாங்கின?"

"மெல்லிசானது."

"ஏன்?"

எவ்வளவோ காரணம் தயாராக வைத்திருந்தேன். "அழகா இருந்துச்சு" என்றேன்.

"நான் பழைய போனோட உடைஞ்ச கண்ணாடியில எம்புள்ள மொகத்தப் பாத்துட்டிருக்கேன் அண்ணா. அவ ஒரு கண்ணு தெரியற எடத்துல கீறல். உனக்கு நல்லதா இருக்கட்டும்னுதான் எனக்குப் புதுசு வாங்கல."

திட்டினால் தாங்கியிருப்பேன். திட்டுவதில் அவள் கெட்டிக்காரி. திட்டவில்லை.

"கிறிஸ்துமஸுக்கு வரேன். போறப்ப அவளக் கூட்டிட்டுப் போறேன். அந்தம்மா வீட்டுல ஒரு சின்ன ரூம் தரேன்னாங்க."

"இங்க நான் —"

"நீ நல்லா பாத்துக்குவ. தெரியும். பயமா இருக்குண்ணா எனக்கு."

எனக்கும்தான் என்று சொல்லவந்தேன். இணைப்பு போய்விட்டது. பேட்டரி 36.

டிசம்பர் 20

வெத்தூரியா வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள். இருவரும் ஒரே கட்டிலில் படுத்துப் பேசிச் சிரிக்கிறார்கள். சவேதா அக்காவுக்கு ஒரு சால்வை கொண்டுவந்து கொடுத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். எனக்கும் ஒரு கம்பளிச் சட்டை. அளவு சரியாக இருக்கிறது.

ஜனவரி 9

இருவருக்கும் இத்தாலிப் பேருந்து காலை ஆறு மணிக்கு. பை தூக்கினேன். நாற்பது கிலோ இருக்கும். இல்லை, பத்துதான் இருக்கும்.

ஜனவரி 13, செவ்வாய்

வெத்தூரியா அங்கே புதிய போன் வாங்கிவிட்டாளாம். தடிமனானது. ஆப் ஏறிவிட்டது. "இனிமே நீ பாக்க வேண்டாம்ணா, நிம்மதியா இரு. உன் பேரை ஆப் லிஸ்ட்டுலேர்ந்து எடுக்கச் சொல்லி அவகிட்ட சொல்லிட்டேன்" என்று ஞாயிற்றுக்கிழமையே சொன்னாள். சரி என்றேன். சரிதானே.

நேற்றெல்லாம் ஆப்பைத் திறக்கவில்லை. எண் இருந்த இடத்தில் வெறும் கோட்டைப் பார்க்க விருப்பமில்லை.

இன்று சாயங்காலம் நாலு மணிக்குப் போன் அலறியது. ரொட்டிக் கத்தி கையிலிருந்து விழுந்தது. 66. எழுந்து கதவுவரை ஓடி, பூட்ஸில் ஒரு காலையும் விட்டாயிற்று. அப்புறம்தான் எங்கே ஓடுவது என்று தோன்றியது.

கூப்பிட்டேன். இரண்டாவது மணியில் லவீனியா எடுத்தாள்.

"குடிச்சிட்டிருக்கேன் மாமா. ஆரஞ்சு."

"அம்மா?"

"பக்கத்துலதான். அவங்க போனும் கத்துது, உங்களோடதும் கத்துது, தெருவே கத்துது."

உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"என் பேரை எடுக்கலயா நீ?"

"எடுக்கணுமா?"

பூட்ஸிலிருந்து காலை உருவினேன். அவள் மிச்சத்தையும் குடித்தாள்.

"பேட்டரி எவ்வளவு இருக்கு மாமா?"

"முப்பத்தொம்பது."

"போச்சு. சார்ஜர்ல போடுங்க. என் சர்க்கரை ஏறுதான்னு இன்னும் பதினஞ்சு நிமிஷம் பாக்கணும்ல."

போட்டேன். வயர் குட்டை. சுவரோரம் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.