மீன் தொட்டியில் கிடந்த கல்

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
ஆகஸ்ட் 18, ஞாயிறு

அன்புள்ள தம்பி தனோஜனுக்கும் தங்கச்சி கஜந்தினிக்கும்,

அண்ணன் முறையில் நீங்கள் நானா என்று கூப்பிடும் றுவைஸ் எழுதுவது. நாங்கள் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்கவேண்டிய இடத்தில் பேனை ஓடவில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன். போனில் சொல்லத்தான் இருந்தேன். மூன்று ஞாயிறு எடுத்தேன். மூன்று ஞாயிறும் கச்சான் காற்றையும் மீன் விலையையும் கதைத்துவிட்டு வைத்துவிட்டேன். கடிதத்தில் அப்படி நழுவ ஏலாது. தயவுசெய்து முடியும்வரை வாசியுங்கள்.

என் மனுசி ரபீக்காவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. நீங்கள் வாடகைக்கு இருந்த அன்புவழிபுரத்து அறைக்குப் பச்சை பெயின்ட் அடித்திருக்கிறார்கள், பார்க்கச் சகிக்கவில்லை. துறைமுகத்துக் கந்தோரில் உங்களுடைய கதிரையில் இப்போது ஒரு பொடியன் இருக்கிறான். நல்ல பிள்ளை, ஆனால் சைக்கிள் ஓடமாட்டான். வேலை முடிந்து நிலாவெளி வரைக்கும் என்னோடு மிதித்துவர உங்களைப்போல் ஆள் இல்லை. ஒருமுறை கந்தளாய்க் குளத்துக்குப் போய், என் கால் நரம்பு பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் நெல் லொறியில் ஏறி வந்தோமே. அன்று நீங்கள் சொன்னீர்கள், உண்மையான சைக்கிள் ஓட்டம் எங்கட நெடுந்தீவிலதான் நானா, மேடுமில்லை பள்ளமுமில்லை என்று. பதின்மூன்று வருஷம் சொன்னீர்கள். ஊரோடு மாற்றம் கிடைத்துப் போன பிறகும் விடவில்லை. அதனால்தான் ஜூலையில் சைக்கிளைப் பஸ்ஸுக்கு மேலே கட்டிக்கொண்டு வந்தேன்.

முதல் இரண்டு நாளையும் நான் மறக்கமாட்டேன். ஐம்பத்திரண்டு வயதில் பள்ளிக்கூடப் பொடியன்போல் ஓடினேன். புல்வெளியில் மட்டக்குதிரைகள் பாதையை மறித்துக்கொண்டு நின்றதும், நான் மணி அடிக்க அடிக்க அவை அசையாமல் பார்த்ததும், நீங்கள் இறங்கி நின்று சிரித்ததும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அந்தப் பெரிய பாதம் பதிந்த கல், பெருக்கமரம், வெடியரசன் கோட்டை எல்லாம் காட்டினீர்கள். கோட்டைக் கல்லில் ஏறி நின்று படம் எடுத்த இரண்டு இளைஞர்களை நான் அதட்டினேன், ஞாபகமா? ஆயிரம் வருஷத்துக் கல், கை வைக்கக்கூடாது என்று பெரிய மனிதன்போல் சொன்னேன். இப்போது அதை நினைக்க முகம் சுடுகிறது.

அன்று பின்னேரம் என்னுடைய பின்சில்லுக்குக் காற்றுப் போனது. நீங்கள் கடைக்குப் போயிருந்தீர்கள். பக்கத்து வளவுத் தம்பையா அண்ணன்தான் கூப்பிட்டு, முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ரியூப்பைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பார்த்து ஒட்டித் தந்தார். காசு கொடுக்க, விருந்தாளியிடம் வாங்கமாட்டேன் என்றார். முதல்நாள் சாப்பாட்டில் நீங்கள் அவரைப்பற்றிச் சொன்ன பகிடி எனக்கு ஞாபகத்தில் இருந்தது. இருபது வருஷத்துக்கு முதல் யாரோ ஒருவரின் பவளக்கல் வேலியில் கல் எடுத்துத் தன் குசினிக்கு அத்திவாரம் போட்டவர், அதற்குப் பிறகு ஊரில் எந்த வேலி விழுந்தாலும் அவர் பெயர்தான் வரும் என்று. மைம்மலாகி இருட்டத் தொடங்கியதும் அவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே கடற்கரைக்கு இறங்கினார். அவர் தோணியில் ஏறும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை நன்றாக மனதில் வையுங்கள்.

பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு உங்கள் கிணற்று வேலியோரமாக வந்தேன். கல் அடுக்கில் முழங்கால் உயரத்தில் ஒரு பவளக்கல் இருந்தது. உருண்டையாக, மேலெல்லாம் வரிவரியாக, மூளைபோல் மடிப்பு மடிப்பாக. எங்கள் வீட்டு மீன் தொட்டிக்கு நடுவில் வைத்தால் எப்படி இருக்கும் என்று ஒரு ஆசை வந்தது தம்பி. அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை. கோட்டையில் எச்சரிக்கைப் பலகை இருந்தது, உங்கள் வேலியில் இல்லை. ஆட்டி ஆட்டி உருவினேன். மேலே இருந்த கற்கள் கொஞ்சம் இறங்கி நின்றன. சாந்து வைத்துக் கட்டாத வேலி, ஒன்றில் ஒன்று பாரம் கொடுத்துத்தான் நிற்கிறது என்று மத்தியானம்தான் எனக்கு நீங்களே விளங்கப்படுத்தியிருந்தீர்கள். தெரிந்துகொண்டுதான் உருவினேன்.

மறுநாள் விடிய நடந்தது உங்களுக்குத் தெரியும். வேலி சரிந்து, தண்ணீருக்கு வந்த குதிரைக்குட்டி சுற்றுக்கட்டு இல்லாத கிணற்றுக்குள் விழுந்து கிடந்தது. கடலால் திரும்பி வந்த தம்பையா அண்ணன்தான் வலையைக் கீழே போட்டுவிட்டுக் கிணற்றுக்குள் இறங்கிக் கயிறு கட்டினார். தூக்கும்போதே அதற்கு உயிர் இல்லை. தாய்க்குதிரை வேலிக்கு வெளியில் நின்றது. அவர் நனைந்த சாரத்தோடு மேலே ஏறிச் சனத்துக்கு நடுவில் நிற்க, நீங்கள் கீழ்க்கல் இல்லாத இடத்தைக் கண்டுவிட்டீர்கள். பிறகு கல் எடுத்தவர் என்று அவரை நீங்கள் பேசிய பேச்சை நான் திரும்ப எழுதவில்லை. உங்களில் பிழை இல்லை. குடிதண்ணீர்க் கிணறு அது.

அவர் சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்துக் கையைக் காட்டி, “மைம்மலாகும்வரைக்கும் இவரோடதான் இருந்தனான். அங்கயிருந்து நேரா கடலுக்குப் போனனான். இந்தத் தம்பியிட்டக் கேளுங்கோ” என்றார்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான், “எனக்கு வடிவாத் தெரியாது” என்றேன்.

இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு எழும்பிப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து இருக்கிறேன். தெரியும் தம்பி. எனக்கு நன்றாக, வடிவாகத் தெரியும். கல் அந்த நேரம் உங்கள் வீட்டு அறையில், என் பைக்குள், என் சாரத்தில் சுற்றிக் கிடந்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை நீங்கள் அறியமாட்டீர்கள். அன்று மத்தியானப் படகு நேரம் நீங்கள் கிணறு இறைக்க நின்றுவிட்டீர்கள், நான் தனியாகத்தான் இறங்குதுறைக்கு வந்தேன். அங்கே தம்பையா அண்ணன் நின்றார். ரபீக்காவுக்குக் கருவாடு தருவதாக முதல்நாள் சொல்லியிருந்தாராம், சொன்ன சொல்லுக்குக் கொண்டுவந்திருந்தார். சைக்கிளைப் படகில் ஏற்றக் கை கொடுத்தார். பிறகு என் பையைத் தூக்கினார். தூக்கினவர் இரண்டு கையாலும் அடியில் தாங்கிப் பார்த்தார். அந்தத் தீவில் பிறந்த மனிதனின் கைக்கு அந்தக் கல்லைத் தெரியாதா? “பாரமாக் கிடக்கு தம்பி, கவனமாக் கொண்டுபோங்கோ” என்று மட்டும் சொல்லி என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். நான் திருப்பிக் கொடுத்திருக்கலாம். படகு வெளிக்கிட இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது.

அவர் உங்களிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது போன ஞாயிறு நீங்கள் கதைத்ததில் தெரிந்தது. படலைக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன், இனி என் கிணற்றில் தம்பையர் வீட்டுக்கு ஒரு வாளியும் இல்லை என்றீர்கள். அவர்களுடைய கிணறு உவர். அவருடைய மனுசி இந்த வெயிலுக்குள் ஒரு மைல் தள்ளிப்போய்ச் சைக்கிளில் கேன் கட்டித் தண்ணீர் கொண்டுவருகிறா என்று சொல்லிச் சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். போனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், தொட்டிக்குள் அந்தக் கல்லைச் சுற்றி மீன்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நேற்று ரபீக்காவிடம் சொன்னேன். அதுவரை கடற்கரையில் பொறுக்கினது என்றுதான் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். அவள் தொட்டிக்குள் கையை விட்டுக் கல்லை எடுத்து, கழுவித் துடைத்து, சாக்கில் வைத்தாள். பிறகு ஒரு கேள்விதான் கேட்டாள். நாங்கள் பொரித்துச் சாப்பிட்ட கருவாடு அந்த மனிசன் தந்ததா என்று. ஓம் என்றேன்.

அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு பஸ் ஏறி, சனிக்கிழமைப் படகில் கல்லோடு வருவேன். சைக்கிள் கொண்டுவரமாட்டேன். உங்கள் வீட்டில் என்னை ஏற்றவேண்டும் என்று கேட்கவில்லை. அன்று கிணற்றடியில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால், என் வாயால் சொல்லவேண்டும். தம்பையா அண்ணன் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு நிற்பேன். அவர் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடுவாரோ என்றுதான் பயமாக இருக்கிறது.

ஆனால் நான் வரும்வரை நீங்கள் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். இந்தக் கடிதத்தை மடிக்க முதல் படலைப் பூட்டைத் திறவுங்கள். முதல் வாளியை நீங்களே அள்ளி, நீங்களே தூக்கிக்கொண்டு போய், தம்பையா அண்ணன் வீட்டுக் குசினி வாசலில் வையுங்கள். என்னைப் பேச உங்களுக்குப் பிறகு எவ்வளவோ நேரம் இருக்கிறது.

உங்கள் கிணற்றின் ஊற்றை அல்லாஹ் வற்றவிடாமல் காப்பானாக. உங்கள் வாசலில் இனி என்னைப்போல் ஒருவன் விருந்தாளியாக வராமலும் காப்பானாக.

இப்படிக்கு,
இனியும் நானா என்று கூப்பிடுவீர்களோ என்று தெரியாத,
றுவைஸ்