மூன்று க்ளாக் என்று எழுதினேன், அப்பா

தெருமுனைக்கு வரும்போதே தன் குரல் வீட்டுக்குள் கேட்டுவிடும் என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. பத்திரிகையில் உங்கள் படத்தைப் போட்டு, "கண்ணீருடன் நினைவுகூரும் குடும்பத்தார்" என்று நாலு வரி கொடுத்தால் போதும் என்றார் சித்தப்பா. நான் மாட்டேன் என்றேன். கண்ணீர் இல்லாமல் இல்லை. ஆனால் உங்களிடம் சொல்ல வேண்டிய செய்தி நாலு வரியில் அடங்காது. அதனால் இந்தக் கடிதம். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

அம்மா நன்றாக இருக்கிறார். உங்கள் மோட்டார் சைக்கிளை நான்தான் ஓட்டுகிறேன். லைசென்ஸ் எடுத்துவிட்டேன். காப்பாரிலிருந்து கிள்ளான் ஸ்டேஷன் வரை அதில் போய், அங்கிருந்து ரயிலில் பிரிக்பீல்ட்ஸ். வண்டியை விற்றுவிடச் சொன்னவர்களுக்கு அம்மா சொன்ன பதிலைப் பத்திரிகையில் எழுத முடியாது.

உங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது, எனக்கும் சேர்த்துப் பேசுவது. கிளினிக்கில் டாக்டர் என்னைப் பார்த்து எங்கே வலி என்று கேட்டால், நீங்கள் உங்கள் வயிற்றைத் தொட்டுக் காட்டுவீர்கள். ஐ.சி. என்னும் அடையாள அட்டை எடுக்கப் போனபோது, நான் வாய் திறப்பதற்குள் என் பெயர், உங்கள் பெயர், நீங்கள் ஓட்டும் பஸ்ஸின் நம்பர் வரை சொல்லி முடித்துவிட்டீர்கள். கவுன்டரில் இருந்த அக்கா சிரித்தார். "பாப்பா பேசாதா அங்கிள்?"

"பேசும். இன்னிக்கு லீவு."

பதினாறு வயதில், பள்ளியில் நான்காம் படிவத்தில், வகுப்புக்கு முன்னால் நின்று பேச வேண்டிய அந்தத் தேர்வில், என் குரல் வரவே இல்லை. பின் வரிசையில் யாரோ என்னைப் போலவே வாயடைத்து நின்று நடித்துக் காட்டினார்கள். அதன்பிறகு நான் பள்ளிக்குப் போகவில்லை. நீங்கள் கத்துவீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் கத்தவில்லை. "சரி, போக வேணாம்" என்றீர்கள், அவ்வளவுதான். ஆனால் கல்யாணத்தில், கோயிலில், யார் கேட்டாலும், "பிரைவேட்டா படிக்கிறா, கம்ப்யூட்டர்" என்று சொன்னீர்கள். அதை எனக்காகச் சொன்னீர்களா, உங்களுக்காகச் சொன்னீர்களா? அப்போது கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்போது யாரிடம் கேட்பது?

சரி, செய்திக்கு வருகிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடியில் எனக்கு வேலை. முதலாளி சிவா அண்ணன். வாகனங்களில் பொருத்தும் சிறிய திரைகளைச் செய்து விற்கிறார். முதலில் பெட்டி கட்டினேன், பிறகு மின்சுற்றுப் போர்டில் பாகங்களைப் பற்றவைக்கும் சால்டர் பிடித்தேன். இப்போது ஒவ்வொரு போர்டிலும் என்னென்ன இருக்கிறது என்று எழுதும் வேலை என்னுடையது. போர்டுக்குள் ஓடும் மென்பொருளுக்குக் கண் கிடையாது. எந்த மூலையில் எந்தச் சிப், அதற்கு எங்கிருந்து மின்சாரம் என்று ஒரு கோப்பில் எழுதி வைத்தால்தான் அதற்குத் தெரியும்.

அந்தக் கோப்பை இஷ்டத்துக்கு எழுத முடியாது. எதை எழுத வேண்டும், எத்தனை எழுத வேண்டும், எந்த வரிசையில் என்று சொல்லும் விதிக்கோப்பு ஒன்று தனியாக இருக்கிறது. அதை ஸ்கீமா என்பார்கள். பல நாடுகளில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதிப் பொதுவில் வைத்திருப்பது. நாம் எழுதியது அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஒரு புரோகிராமும் உண்டு.

எங்கள் தகராறு முழுவதும் க்ளாக் பற்றியது. சுவரில் மாட்டும் கடிகாரம் இல்லை அப்பா. சிப்புக்குள் ஒவ்வொரு பகுதியும் வேலை செய்ய அதற்கு ஒரு துடிப்பு வேண்டும், அந்தத் துடிப்பைத்தான் க்ளாக் என்கிறோம். படத்தைத் திரைக்கு அனுப்பும் பகுதிக்கு டிஸ்ப்ளே கன்ட்ரோலர் என்று பெயர். எங்கள் சிப்பில் அதற்கு மூன்று க்ளாக் போகிறது. ஒன்று கட்டளை வாங்க, ஒன்று புள்ளி புள்ளியாகப் படத்தை வெளியே தள்ள, இன்னொன்று நினைவகத்திலிருந்து படத்தை எடுத்து வர. ஆனால் விதிக்கோப்பில் இரண்டு என்றுதான் இருந்தது.

மூன்று எழுதினால் புரோகிராம் தப்பு என்று கத்தும். அதனால் எங்கள் எஞ்சினியர் கார்த்திக் அண்ணன், வேலைப் பர்மிட்டில் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர், எங்கள் கோப்பிலிருந்து மூன்றாவதை எடுத்துவிட்டார். கத்தல் நின்றது. பஸ் சோதனைக்குப் போகும்போது அதிகாரியின் தாளில் இரண்டு கதவு என்று இருந்தால், மூன்றாவது கதவைக் கழற்றி வைத்துவிட்டா கொண்டுபோவீர்கள்? நீங்கள் அந்தத் தாளை என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்தத் திரைகள் போனது நீங்கள் பஸ் ஓட்டிய கம்பெனிக்கேதான். ஷா ஆலம் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ்களில், டிரைவர் பின்னால் எடுக்கும்போது பின்பக்கத்தைக் கேமராவில் காட்டும் திரை. முதலில் இரண்டு பஸ்ஸில் மட்டும் மாட்டினோம். ஒன்று உங்கள் கூட்டாளி ராஜூ அங்கிளுடையது. மறுநாளே போன் செய்தார்.

"யாழி, உன் ஸ்கிரீன் சாவி போட்டதும் நல்லா வருதும்மா. நானும் சந்தோசப்படுறேன். கொஞ்ச நேரத்துல அது டீ குடிக்கப் போயிருது லா."

"கருப்பாயிடுதா அங்கிள்?"

"கருப்புன்னா அப்படி ஒரு கருப்பு. என் மூஞ்சியே அதுல தெரியுது."

காரணத்தைக் கார்த்திக் அண்ணன்தான் கண்டுபிடித்தார். அவருக்கு என்னைவிட அதிகம் தெரியும். சாவி போட்டதும் எல்லாத் துடிப்பும் ஓடத் தொடங்கும், படம் வரும். பிறகு மென்பொருள், எந்த க்ளாக்கை யார் கேட்டிருக்கிறார்கள் என்று பார்க்கும். யாரும் கேட்காத க்ளாக்கை, மின்சாரம் வீண் என்று நிறுத்திவிடும். மூன்றாவதைப் பற்றி எங்கள் கோப்பில் ஒரு சொல் இல்லையே. அது நின்றது. திரை செத்தது.

அவர் ஒரு குறுக்கு வழி செய்தார். எந்த க்ளாக்கையும் நிறுத்தாதே என்று ஒரே ஒரு வரி. திரை நிலையாக நின்றது. சிவா அண்ணன் எல்லோருக்கும் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் தேவையில்லாத துடிப்பெல்லாம் நாள் முழுக்க ஓடினால் போர்டு சூடாகும். மத்தியான வெயிலில், டிரைவர் முன்னால் இருக்கும் அந்தக் கண்ணாடிக்குக் கீழே, எவ்வளவு தாங்கும்?

ராஜூ அங்கிள் மறுபடி கூப்பிட்டபோது அவர் குரலில் கேலி இல்லை. தொழிற்சாலை வளாகத்தில் பின்னால் எடுத்துக்கொண்டிருக்கும்போது போர்டு சூடேறித் திரை அணைந்திருக்கிறது. ஷிப்ட் முடிந்த பெண்கள் பின்னால் நடந்து வந்திருக்கிறார்கள். காவலாளி கத்தியதில் பிரேக் போட்டிருக்கிறார். "ஒன்னும் ஆகல யாழி. யாருக்கும் ஒன்னும் ஆகல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் நேராகச் சிவா அண்ணனின் மேசைக்குப் போனேன். அவர் சொன்னார், "ஒரு சின்ன ஃபேன் வச்சிடலாம். அடுத்த வாரம் மத்த பஸ்ஸுக்கும் மாட்டணும். நீ ஃபைல ஏத்து."

"ஏத்த மாட்டேன்ண்ணே."

"என்னது?"

"உள்ள மூணு க்ளாக் இருக்கு. ரெண்டுன்னு எழுதியிருக்கோம். அது பொய். அதை ஏத்த மாட்டேன்."

"செக் பண்ற புரோகிராமே ரெண்டுன்னுதானே சொல்லுது?"

"அந்த விதியே தப்புண்ணே."

"அடேயப்பா! வெளிநாட்டுல உட்கார்ந்து எழுதினவன் தப்பு, ஃபோர்ம் ஃபோர்ல நின்ன நீ கரெக்ட்டா?"

"ஆமா."

அவ்வளவுதான் வந்தது, அப்பா. ஒரு சொல். அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கவில்லை. கார்த்திக் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பர்மிட் சிவா அண்ணன் கையில் இருக்கிறது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் எல்லோரும் தரையைப் பார்த்தால் திரையை யார் பார்ப்பது?

"அப்ப நீயே கிள்ளான் டிப்போவுக்கு வந்து பஸ் கம்பெனிகிட்ட சொல்லு, மாட்டுறது தள்ளிப்போகும்னு" என்றார் சிவா அண்ணன். நான் பேச மாட்டேன் என்று தெரிந்துதான் சொன்னார்.

அதற்குள் நான் அந்த விதிக்கோப்பைத் திருத்தி, அதை எழுதியவர்களுக்கு அனுப்பினேன். இரண்டை மூன்றாக்கி, மூன்றுக்கும் பெயர் கொடுத்து, ஏன் என்று கீழே எழுதி. வெளிநாட்டிலிருந்து ஒருவர் பதில் போட்டார். புதியதை நடுவில் செருகக் கூடாது, ஏற்கெனவே எழுதப்பட்ட கோப்புகளின் வரிசை குழம்பும், கடைசியில் சேர் என்றார். அது என் தவறு, ஒப்புக்கொண்டு மாற்றினேன். பிறகு, இது சிப்பிலேயே இருக்கிறதா, உங்கள் போர்டுக்கு மட்டும் தேவைப்படுகிறதா என்று கேட்டார். சிப்பிலேயே இருக்கிறது, கையேட்டின் படத்தில் மூன்று கோடுகள் உள்ளே போகின்றன என்று எழுதினேன். எழுத்தில் எனக்குத் திக்குவதே இல்லை அப்பா.

ஆனால் கிள்ளான் டிப்போவில் எழுத்து உதவாது. பஸ் கம்பெனியின் மேலாளர் அம்மா, எல்லோரும் புவான் என்று கூப்பிடுபவர், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். சிவா அண்ணன் என்னைக் கை காட்டிவிட்டுச் சாய்ந்துகொண்டார். என் மலாய் பாதியில் உடைந்தது. கதவோரம் நின்ற ராஜூ அங்கிள், உங்களைப் போலவே, எனக்காக மலாயில் பேச ஆரம்பித்தார். "புவான், இந்தப் பொண்ணு என்ன சொல்ல வருதுன்னா..."

"அங்கிள், நான் சொல்றேன்."

சொன்னேன். வார்த்தை கிடைக்காத இடத்தில் நிறுத்தி, தேடி, மறுபடி சொன்னேன். யாரும் நடித்துக் காட்டவில்லை. நடித்திருந்தாலும் முடித்திருப்பேன். ஃபேன் வைத்தால் போதாதா என்று புவான் கேட்டார். ஃபேன் நின்றால் திரையும் நிற்கும் என்றேன். எவ்வளவு நாள் ஆகும் என்றார். வெயிலில் ஓட்டிப் பார்க்காமல் நாள் சொல்ல மாட்டேன் என்றேன். நீ எஞ்சினியரா என்றார்.

"இல்லை. நான்காம் படிவத்தோடு பள்ளியிலிருந்து நின்றுவிட்டேன். இந்தக் கோப்பை எழுதுவது நான்தான்."

அவர் ராஜூ அங்கிளைப் பார்த்தார். அங்கிள் தலையாட்டினார். அந்த இரண்டு பஸ்ஸை மட்டும் சரி செய்து கொடுங்கள், அது வெயிலில் தாங்கினால்தான் மற்றவை, அதுவரை டிரைவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்க்கட்டும் என்று புவான் முடித்தார். திரும்பும் வழியில் சிவா அண்ணன் காரில் ஏசியைக் கூட்டி வைத்தார். பிறகு, "அடுத்த தடவ முன்னாடியே சொல்லித் தொலை லா, எனக்கு பிபி ஏறுது" என்றார். மறுநாள் அந்தக் குறுக்கு வழி வரியை எடுத்துவிட்டு, மூன்றாவது க்ளாக்கோடு கோப்பை ஏற்றினேன். புரோகிராம் கத்தியது. கத்தட்டும் என்று விட்டேன். திரை அணையவில்லை. போர்டைத் தொட்டால் கை சுடவில்லை.

இன்னும் எல்லாம் முடியவில்லை. வெளிநாட்டிலிருந்து இன்னொருவர் எழுதியிருக்கிறார், மூன்றாவதைக் கட்டாயமாக்க வேண்டாமே, வேண்டியவர்கள் எழுதட்டும், வேண்டாதவர்கள் விடட்டும் என்று. அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, பழைய கோப்புகள் எல்லாம் தப்பாகிவிடுமே என்று கவலைப்படுகிறார். ஆனால் யாராவது எங்காவது விடுவார்கள், அங்கே ஒரு திரை கருப்பாகும். சிப்பில் கோடு இருக்கும்வரை எழுத்திலும் இருக்கும் என்று பதில் போட்டிருக்கிறேன். திருப்பி அனுப்பினால் மறுபடி அனுப்புவேன்.

மற்றப் பஸ்களில் மாட்டும் நாளில் ஒவ்வொன்றிலும் நானே மத்தியான வெயிலில் ஏறி, டிரைவருக்குப் பக்கத்தில் நின்று, பின்னால் எடுக்கச் சொல்லிப் பார்ப்பேன். ஒரு திரை கருப்பானாலும் கழற்றச் சொல்வேன். சிவா அண்ணன் கத்தினால் நானும் கத்துவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கத்தப் பழகிக்கொண்டிருக்கும்
உங்கள் மூத்த மகள்,
யாழினி முருகேசன்
காப்பார்