தானாய் நிரம்பும் துவக்கும் குசினிக்குள் வந்த வாள்காரனும்

என் பாசமுள்ள அண்ணை,

மேலே எந்த மூலையில் சாய்மனைக்கதிரை போட்டுப் படுத்திருக்கிறீர்களோ, எழும்பாமல் அப்படியே கேளுங்கள்.

நான் சொன்னேனா இல்லையா? உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்றைக்கே, பந்தியில் இருந்த அவ்வளவு பேருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னேன். இந்த வீட்டுக்கு ஒரு வருசத்துக்குள் கள்ளன் வருவான் என்றேன், வந்தான். கள்ளன் வந்தால் உங்கள் மகள் கௌரி கனடாவில் இருந்து வந்து தாயைக் கூட்டிக்கொண்டு போகத் துள்ளுவாள் என்றேன், துள்ளுகிறாள். கடைசியில் சுடுகிற துவக்குத்தான் வேண்டிவரும் என்றேன். கரவெட்டியில் என்னைப்போல் முன்கூட்டிச் சொல்லக்கூடியவன் வேறு யார் இருக்கிறான்?

நடந்தது இதுதான். போன ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கௌரியின் தாய், என் மச்சாள், முன்னறையில் கண்ணயர்ந்திருந்தா. குசினிக்குள் அடுப்புக்கு மேல் பரணில் இருந்த பானை விழுந்து உடைந்த சத்தம். "ஐயோ கள்ளன்!" என்று உங்கள் மனிசி போட்ட கூச்சலில் நான் மண்வெட்டிப் பிடியோடு முன்கேற்றால் பாய்ந்து வந்தேன். இரண்டு பேர், அண்ணை. பின்வேலியால் ஏறி ஓடினார்கள். ஒருவன் கையில் வாள். வீட்டில் வைத்து முழங்கை அளவு என்றுதான் சொன்னேன். சந்திக்கு வந்து சேர்வதற்குள் அது என் தோள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. பயத்தில் பார்த்த பொருள், கொஞ்சம் நீளமாய்த்தான் தெரியும்.

அன்றைக்கே கௌரி வட்சப்பில் வந்தாள்.

"அம்மா இனித் தனிய இருக்கேலாது. தையிலை வாறன். வீட்டைப் பூட்டிப்போட்டுக் கூட்டிக்கொண்டு போறன்."

"நான் அந்தக் குளிருக்குள்ளை வந்து என்ன செய்யிறது, பிள்ளை? கண்ணாடிக்குள்ளாலை றோட்டைப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ?"

"அப்ப வாளாலை வெட்டு வாங்கிக்கொண்டு இருக்கப் போறியளோ?"

மச்சாள் ரெலிபோனை என்னிடம் தந்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டா. உங்களைத் தகனம் செய்த இந்த ஊரை விட்டுப் போக அவவுக்கு மனமில்லை என்பது உங்களுக்குத் தெரியாததா? நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "பிள்ளை, சித்தப்பா இருக்கிறன். நான் ஒரு துவக்கு எடுக்கிறன். ஒருத்தனும் கேற்றடிக்கு வரமாட்டான்."

நீங்கள் தீபாவளிச் சீனவெடிக்கே காதைப் பொத்துகிற ஆள். ஆனால் நான் அப்படி இல்லை என்று ஊருக்குத் தெரியும். கௌரியின் மனிசன், உங்கள் மருமகன், ஒரு வீடியோ அனுப்பினான். அங்கத்தைய ஆட்கள் வீட்டுக் காவலுக்கு வைத்திருக்கும் சொட்கண் துவக்கு. ஒரு வெடி வைத்தால் வெடித்த தோட்டாவின் வெறுங்கோது பக்கத்தால் பறக்கிறது. அடுத்த தோட்டா தானாகவே உள்ளே போகிறது. சுடுகிறவன் விசையை அழுத்துவதைத் தவிர ஒன்றும் செய்வதில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. இரண்டாவது தோட்டாவை உள்ளே வைக்கிறது யார்? கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. உங்களுக்கு இப்போது எல்லாம் தெரியுமாக்கும்?

முதலில் கிராம சேவகரிடம் போனேன். எங்கள் பக்கத்துக்கு இப்போது ஒரு இளம்பிள்ளைதான் விதானையார்.

"ஐயா, வெங்காயத் தோட்டத்துக்குக் காட்டுப் பண்டி வருதெண்டால் ஒற்றைக்குழல் துவக்குக்கு லைசன்ஸ் கேட்டு எழுதிப் பாக்கலாம். உந்தத் தானாய் நிரம்புற சாமானுக்குக் குடுக்கமாட்டினம் எண்டுதான் நினைக்கிறன். உங்களுக்கு ஏன் உது?"

"வீட்டுக்கை வாளோடை வந்தவங்கள், பிள்ளை."

"அப்பிடியெண்டால் பொலிசிலை முறைப்பாடு போட்ட துண்டைக் கொண்டு வாங்கோ. முதல் அதுதான் வேணும்."

பொலிசுக்குப் போக நேரம் கிடைக்கவில்லை, அண்ணை. அதை விடுங்கள்.

யாழ்ப்பாணத்துக்குப் போய் ஹமீது நானாவைப் பிடித்தேன். தொண்ணூறில் எல்லா முஸ்லிம்களோடும் சேர்த்துக் குடும்பத்தோடு இங்கேயிருந்து துரத்தப்பட்டுப் புத்தளத்தில் இருந்த காலத்தில் தென்னந்தோட்ட முதலாளிமாரின் லைசன்ஸ் துவக்குகளைத் திருத்தியவர். இப்போது திரும்பி வந்து பூட்டும் சைக்கிளும் திருத்துகிறார். நான் அவரோடு ஒரே வகுப்பில் படித்தவன். படித்தது மூன்று வருசம்தான்; ஆனாலும் இருந்தது ஒரே வாங்கு.

நான் கேள்வியைக் கேட்டதும் மனிசன் சிரித்துக்கொண்டு ஒரு சைக்கிள் பம்பை எடுத்தார். வாய்ப்பக்கத்தால் ஊதச் சொன்னார். ஊதினேன். கைபிடி பின்னால் தள்ளுப்பட்டு வந்தது.

"இப்ப விளங்குதோ? வெடிச்ச புகை குண்டைத் தள்ளிக்கொண்டு ஓடுது. குழலிலை ஒரு சின்ன ஓட்டை. கொஞ்சப் புகை அதாலை வந்து உள்ளுக்கை இருக்கிற தண்டைத் தள்ளும். தண்டு பின்னுக்குப் போக வெறுங்கோது வெளியாலை. சுருள் வில்லு திருப்பித் தள்ள அடுத்தது உள்ளுக்கை. புகையில்லாமல், துவக்குப் பின்னுக்கு உதைக்கிற உதைப்பிலை ஓடுற சாதியும் இருக்கு."

முதல் வெடியே இரண்டாவது வெடிக்கு வேலைக்காரன்! அண்ணை, நான் இரண்டு தரம் திரும்பத் திரும்ப ஊதிப் பார்த்தேன். கடைக்கு வந்த ஒரு அம்மா என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பா.

எதைத் தெரிந்தெடுப்பது என்றும் கேட்டேன். நீளக்குழல் வெளியில் பண்டிக்குச் சரி, வீட்டுக்குள் கதவுநிலையில் இடிபடும் என்றார். பாரம் கூடினால் உதைப்புக் குறையும், ஆனால் தூக்கிப் பிடிக்கத் தோள் வேண்டும். உதிரிப்பாகமும் தோட்டாவும் இங்கே கிடைக்காத சாமானை வாங்கினால் அது உலக்கைதான்.

பராமரிப்பு அதைவிடப் பெரிய கதை. தொடுவதற்கு முன் தோட்டா இருக்கிறதா என்று கண்ணாலும் பார்க்க வேண்டும், விரலாலும் தடவ வேண்டும். சுட்ட பிறகு கழற்றி அந்த ஓட்டையின் கரியைத் துடைக்க வேண்டும்; கரி அடைத்தால் அடுத்தது ஏறாது. எங்கள் உப்புக்காற்றுக்கு மெல்லிய எண்ணெய் ஒரு துளி.

"சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நல்லெண்ணெய் வைச்சு வெயில்லை விடுவன், நானா."

"துவக்கையோ, உன்னையோ? நல்லெண்ணெய் காய்ஞ்சால் பசை. அங்கை புத்தளத்திலை ஒரு தமிழ் முதலாளி ஆயுதபூசைக்கு இப்பிடித்தான். குழல், ஓட்டை, விசை எண்டு எல்லாத்துக்கும் சந்தனம் அப்பிப் பூப்போட்டு வைச்சிட்டார். அடுத்த மாசம் பண்டி வந்து நிக்குது, ஒரு வெடியோடை துவக்கு விறைச்சுப் போச்சு. கழட்டிப் பாத்தால் சந்தனம் சீமெந்து மாதிரி."

நானென்றால் குங்குமம் மட்டும்தான் வைத்திருப்பேன் என்றேன். அதற்கும் சிரித்தார். பிறகு பம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"அந்த வீட்டுக்குள்ளை கூப்பிடாமல் வாறவை எத்தினை பேர்?"

என்ன கேள்வி இது? எங்கள் வீட்டு வளவுகளில் வேலிக்கு வேலி பொட்டு இருக்கிறதே, ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு. அதால் வருகிறவர்கள் யார் கூப்பிட்டு வந்தார்கள்? நான் விரல் மடித்தேன். தேங்காய்த் துருவலை இரவல் கேட்டுக் கனகம் வருவாள். பூசைக்குப் பூ ஆய ரீச்சர் வருவா. நல்ல தண்ணீருக்குப் பின்வளவுக்காரர் வருவார்கள். பிறகு...

"பிறகு நீ," என்றார் ஹமீது நானா. "ஒற்றைக்குழலெண்டால் ஒரு பிழையோடை நிண்டிடும். உது நிக்காது. பயந்த விரல் ஒருக்கால் நடுங்கினால் அடுத்ததும் போயிடும்."

பஸ்ஸில் வரும்போது எனக்குத் துவக்கைப் பற்றிய யோசனை வரவில்லை. முதல் தரமாக.

உங்கள் வீட்டுக்கு வந்து பின்வேலிப் பக்கம் போனால் பொட்டைக் காணவில்லை. மச்சாள் தென்னங்கிடுகு வைத்து, முள்ளும் சொருகி அடைத்திருந்தா. மூன்று நாளாய் ஒருவரும் வரவில்லையாம். கனகம் வேலிக்கு அப்பால் நின்று என்ன கோபம் என்று கேட்டுவிட்டுப் போனாளாம். ரீச்சர் வேறு வளவில் பூ ஆய்கிறாவாம்.

குசினிக்குள் போனேன். உங்கள் மனிசி கதவுக்குப் பின்னால், வீடு கூட்டுகிற தும்புத்தடியைத் தோளில் வைத்து, பானை இருந்த பரணுக்குக் குறிபார்த்துக்கொண்டு நின்றா.

"தம்பி, சாமான் எப்ப வருது? எனக்கும் காட்டித் தாரும்."

"உங்களுக்கேன் மச்சாள் உந்த வேலை?"

"கௌரி காலமை பிளேன் ரிக்கற் போட்டிட்டாளாம், எனக்கும் சேத்து. நான் இஞ்சை இருக்கிறதெண்டால் நான்தானே சுட வேணும்? நீர் எந்த நேரமும் இஞ்சையோ நிப்பீர்?" தும்புத்தடியை இன்னும் கொஞ்சம் உயர்த்தினா. "அந்த வாள்காரன் எவ்வளவு உயரம்? உம்மடை உயரம் இருப்பானோ?"

"கொஞ்சம் கூடத்தான் இருப்பான்," என்றேன்.

அவவுடைய விரல் தடியில் இல்லாத விசையைத் தேடியது, அண்ணை. ஒரு கண்ணை மூடத் தெரியாமல் இரண்டையும் மூடிக்கொண்டு குறிபார்த்தா. உங்கள் செத்தவீட்டில்கூட நான் அவவை இப்படிப் பார்க்கவில்லை. இந்த மனிசி பிளேனில் ஏறிப் போய்விட்டால் அந்த வீட்டில் யார் விளக்கு வைப்பது? அடைத்த பொட்டோடு, ஒருவரும் வராத வளவில், தும்புத்தடியோடு இருந்தாலும் அது ஒரு இருப்பா?

நீங்கள் என்னை மேலும் கீழும் பார்ப்பீர்களே, அந்தப் பார்வை இப்போதும் படுகிறது. சரி, சொல்கிறேன்.

எனக்குச் சீனி வருத்தம் என்று மச்சாள் இனிப்புப் பனம்பழப் பினாட்டை ஒளித்து வைப்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்குப் பொட்டால் வந்து, பரணில் இருந்த பானைக்குள் கைவிட்டது நான். பானை வழுக்கியது. கூச்சல் கேட்டதும் வந்த வழியால் ஓடி, ஒழுங்கைப் பாதையால் சுற்றி, முன்கேற்றால் வந்து நின்றேன். மண்வெட்டிப் பிடியை வழியில் எடுத்தேன். "ஆரப்பா அது?" என்று மச்சாள் கேட்டபோது வாயில் பினாட்டு இருந்தது. விழுங்கிவிட்டு இரண்டு பேர் என்றேன். இரண்டு பேர் என்று சொன்னதும் ஒருவன் கையில் ஏதாவது இருக்க வேண்டும் போல இருந்தது. மற்றதெல்லாம் உண்மை, அண்ணை. கள்ளர் மட்டும்தான் என் கைச்சரக்கு.

இந்தக் கடிதத்தை உங்கள் ஆண்டு நினைவாகப் பத்திரிகைக்குக் கொடுக்க முன், இன்றைக்குப் பின்னேரமே மச்சாளுக்கு முன்னால் இருந்து ஒரு சொல் விடாமல் வாசிப்பேன். கௌரியையும் ரெலிபோனில் வைத்துக்கொண்டுதான் வாசிப்பேன். பொட்டில் சொருகிய முள்ளை என் கையாலேயே பிடுங்குவேன். அடி விழுந்தாலும் ஓடமாட்டேன். இது உங்கள்மேல் சத்தியம்; கூட்டிக் குறைக்காத சத்தியம்.

வாளும் இல்லாத, கூட்டாளியும் இல்லாத,
உங்கள் கடைசித் தம்பி